சராசரிக் குழந்தை அசைந்த நாள்

அந்த ஊரில் எந்தச் சிகிச்சையையும் முதலில் சராசரிக் குழந்தைக்குத்தான் கொடுப்பார்கள். கை கால் சொன்னபடி கேட்காத பிள்ளைகள் அத்தனை பேரையும் கூட்டி, தலைக்கு வகுத்து, வந்ததைச் சுகாதார அலுவலகத்தில் ஒரு மர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அது ஆணுமில்லை, பெண்ணுமில்லை. சாப்பாட்டில் குறை சொல்லாது. அது அசைந்தால் சிகிச்சைக்கு அனுமதி, அசையாவிட்டால் அந்த டாக்டரின் அறைக்குப் பூட்டு.

ரெஜினாவின் மகள் ஆன்சிக்கு வலது கை மடங்கியே இருக்கும். முதலில் டாக்டர் தேனப்பனிடம்தான் காட்டினாள். அவர் கையை நீவி நீட்டிவிடுவார். ஆன்சி சுகமாகத் தூங்கிப்போவாள். கை மட்டும் மடங்கியபடியே இருந்தது. பிறகு டாக்டர் ஹெலனிடம் போனார்கள். அவர் நல்ல கை வேலை செய்யாதபடி அதில் ஒரு காலுறையை மாட்டிவிட்டு, உனக்கு என்ன செய்ய ஆசை என்று ஆன்சியிடமே கேட்டார். அப்பா ஆட்டோவின் ரப்பர் ஹாரனை அமுக்க வேண்டும் என்றாள். அன்றிலிருந்து அதுதான் வேலை. ஆன்சி அழுதாள், எல்லாரையும் வைதாள், மறுபடி முயன்றாள்.

இரண்டு டாக்டர்களுக்கும் ஏழாம் பொருத்தம். என் கைபட்டு யாரும் கெட்டதில்லை என்பார் தேனப்பன். கெடாததெல்லாம் குணமாகிவிடுமா என்பார் ஹெலன். சராசரிக் குழந்தையோ இருவருக்குமே அசைந்து கொடுக்கவில்லை. தேனப்பனின் அறை இந்தச் சட்டத்துக்கு முந்தியது என்பதால் அதற்குப் பூட்டு கிடையாது. ஹெலனின் அறைக்கு இன்று தீர்ப்பு.

ரெஜினா ஆன்சியைக் கூட்டிக்கொண்டு சுகாதார அலுவலகத்துக்கு வந்திருந்தாள். அந்த அறை போனால் ஆன்சி மறுபடி தேனப்பனிடம் தூங்கத்தான் போக வேண்டும். அனுமதி கொடுக்கும் குழுவின் தலைவர் தீர்ப்பை வாசிக்க ஆரம்பித்தார். அப்பா ஆட்டோவிலிருந்து கழற்றிக் கொடுத்த ஹாரன் ஆன்சியின் மடியில் இருந்தது. அதை வலது விரல்களால் மெல்லச் சுற்றிப் பிடித்து அமுக்கினாள்.

"பாம்."

சராசரிக் குழந்தையின் கட்டைவிரல் ஒரு நூல் உயர்ந்தது. வகுத்ததில் ஆன்சியின் பங்கு அவ்வளவுதான்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "இது யாரு கணக்குல வருது?"

"எங்க கணக்குலதான் சார்," என்றாள் ரெஜினா. "வெளிய இன்னும் பிள்ளைங்க நிக்காங்க. கூப்பிடட்டுமா?"

ஹெலனின் பிள்ளைகள் வந்தார்கள். ஒருத்தி சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள், பாதி தரையில். ஒருவன் சட்டைப் பொத்தானைப் போட்டான். சராசரிக் குழந்தையின் முழங்கை எழுந்தது, முதுகு நிமிர்ந்தது. தீர்ப்பைக் கேட்க வந்திருந்த தேனப்பன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தம் அறையில் தூங்கும் பிள்ளைகளை எழுப்பப் போனார். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவர்கள் ஆளுக்கொரு பொருளைப் பிடித்தார்கள், எறிந்தார்கள். சராசரிக் குழந்தை எழுந்து நின்றது. ரெஜினாவுக்கு வாழ்நாளில் அப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை. தலைவர் பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆன்சி அதன் கையைப் பிடித்தாள், வலது கையால். "வா, வண்டில போவோம்."

ஆட்டோ சராசரிக் குழந்தையை ஏற்றிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டே ஊரை வலமாகச் சுற்றியது. அன்று மாலை ஒவ்வொரு வளைவிலும், வீடுகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் அதோடு சேர்ந்து கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தார்கள். அம்மாக்கள் தட்டை நகர்த்தி வைத்தார்கள்.