காற்றில் வராத எண்

மொட்டை மாடியில் எலக்ட்ரீசியன், அவன் மைத்துனன், வாட்ச்மேன், ஆக மூன்று பேர்.

டிஷ் ஆன்டெனா வைத்துத் தூரத்து ஆட்களோடு பேசி எண்களை மாற்றிக்கொள்ளும் ஹாம் ரேடியோ போட்டி முடிய நான்கு நிமிடம். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி மலையில் இருந்தவர் சொல்லும் வரிசை எண் ரேடியோவில் எலக்ட்ரீசியன் காதில் விழுந்துவிட்டால் முதலிடம். அவர் வாயெடுத்த நேரம் பார்த்து மைத்துனன் தெரியாமல் டிஷ் ஸ்டாண்டில் சாய்ந்தான். டிஷ் ஒரு விரல்கடை திரும்பியது. குரல் போயே போய்விட்டது. எப்படித் திருப்பியும் வெறும் இரைச்சல்.

போன் அடித்தது. மலைக்காரர்தான்.

“தம்பி, நம்பரை இதுலயே சொல்லிடவா?”

“வேண்டாம்ணே. காத்துல வந்தாத்தான் செல்லும்.”

“யாருக்குத் தெரியப் போகுது மாமா?”

“நீ வாயை மூடு.”

நேரம் முடிந்தது.

“சட்டியைத் தூக்கிட்டு இறங்குங்க சார், பூட்டணும்” என்றார் வாட்ச்மேன்.

எலக்ட்ரீசியன் டிஷ்ஷைத் தோளில் போட்டுக்கொண்டு மைத்துனனோடு இறங்கினான். அவர்களுக்குப் பின்னால் வாட்ச்மேன் மாடிக் கதவைச் சாத்திப் பூட்டினார்.