கூடியிருக்கு

பதுளை ஆஸ்பத்திரியின் சிறுவர் வார்டில் தாய்மாருக்கென்று கொடுத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் சாயவும் முடியாது, தூங்கவும் முடியாது. சிவசக்தி அதன் விளிம்பில் உட்கார்ந்து, மகளின் உதட்டை ஈரப்பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பசறைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து ஏற்றிய ட்ரக்டரில் தொற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போன யதுஷா, ஒரு வளைவில் தூக்கி எறியப்பட்டுக் கல்லில் தலை மோதியிருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. பேச்சில்லை. சிவசக்தியின் புருஷன் ஜெயகுமாருக்குக் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை. லீவு கேட்டால் ஆளையே நிறுத்திவிடுவார்கள். பிள்ளை எவ்வளவு தேறும் என்பதை முன்கூட்டிப் பார்க்கப் புதிதாக ஒரு சோதனை வந்திருக்கிறதென்று, டொக்டர் யதுஷாவின் ரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பியிருந்தார்.

அவர் வந்தார். நேர்ஸிடம் சிங்களத்தில் நீளமாகப் பேசினார். பிறகு சிவசக்தி பக்கம் திரும்பி, தெரிந்த தமிழைத் தேடிப் பொறுக்கினார்.

"அம்மா, ரிப்போட் வந்தது. ரத்தத்தில கூட. ரொம்பக் கூட."

அதற்குள் அவரை வேறொரு கட்டிலுக்கு அழைத்துவிட்டார்கள்.

சிவசக்தி அவர் முதுகைப் பார்த்துக் கும்பிட்டாள். தோட்டத்துக் கிளினிக்கில் அவள் கேட்டு வளர்ந்தது ஒரே பேச்சு: ரத்தம் குறைவு. அவள் அம்மாவுக்குக் குறைவு, அவளுக்குக் குறைவு, யதுஷா வயிற்றில் இருந்தபோதும் குறைவு. கீரை தின்னவில்லை என்று ஏச்சு வேறு. கூடியிருக்கு என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் எந்த டொக்டரும் சொன்னதில்லை.

போனை எடுத்தாள். "என்னங்க, புள்ளைக்கு ரத்தம் கூடியிருக்காம்! டொக்டரே சொல்லிட்டாரு."

"நெசமாவா? இருடி, லயத்து வீட்டாளுங்களுக்கும் சொல்லிர்றேன்."

பக்கத்துக் கட்டிலில் மூச்சிழுப்பு தணிந்து தூங்கிய மகன் ஷாஹ்மிக்குத் துணையிருந்தவள், பதுளை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஸித்தி ஸுபைதா. டொக்டர் சிங்களத்தில் பேசியது முழுக்க அவள் காதில் விழுந்து, விளங்கியும் இருந்தது. சிவசக்தி நீட்டிய டொபியை வாங்கினாள், உரிக்கவில்லை.

"மகள், கூடினதெல்லாம் லாபமில்ல."

"என்ன உம்மா சொல்றீங்க?"

"எண்ணெய்ப் போத்தல் வெடிச்சா பை நனையும்தானே? பை கூடுதலா நனைஞ்சா, உள்ளுக்குக் கூடுதலா ஒழுகியீக்கு. மூளை அடிபட்டா அதில ஈக்கிற சத்தொண்டு ரத்தத்தில கசியுமாம். அதைத்தான் அவர் கூட எண்டு செல்றார். ரத்தம் கூட எண்டில்ல."

சிவசக்தியின் கையில் பஞ்சு காய்ந்துபோயிருந்தது. "அப்ப… பேச மாட்டாளா?"

"அதை அவரும் முடிவாச் செல்லல்ல. நாள் எடுக்குமாம். பக்கத்தில ஆள் இருந்து பேசிக்கொண்டே ஈக்கோணுமாம், கை கால அசைச்சு விடோணுமாம். நான் இருந்து பாப்பேன் மகள், ஆனா எங்கள இன்டைக்கு வீட்டுக்கு விட டிக்கட் வெட்டியாச்சே."

போன் அடித்தது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சிவஞானம்.

"புள்ளைக்கு நல்லாயிருச்சாமே! ஒம் புருஷன் சொல்லி லயமே சந்தோசமா இருக்கு. நாளைக்கிக் காலையில பெரட்டுக்கு வந்து பேரைக் குடுத்து வேலைக்கு எறங்கிரு. கொழுந்து முத்திக் கெடக்கு."

"இல்லைங்கய்யா, நான் தப்பா வெளங்கிக்கிட்டு…"

"காலையில கூடியிருக்கு, மத்தியானம் இல்லையா? தொரைகிட்ட நான் சொல்லியாச்சு. வரலன்னா பேரை வெட்டிருவாரு. பேரு போனா லயத்து ரூமும் போயிரும், பாத்துக்க."

பின்னேரம் பக்கத்துக் கட்டில் காலியாகியிருந்தது. யதுஷாவின் பார்வை கூரையில் ஓரிடத்தில் நின்றது. சிவசக்தி கட்டில் சட்டத்தில் முழங்காலை ஊன்றி ஏறி, அந்தப் பார்வை போகும் வழியில் தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்தாள்.

"அம்மா போயிட்டு வந்துர்றேன்டி."

பிறகு இறங்கி, பையை எடுத்துக்கொண்டு பசறை பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வாசலில் திரும்பிப் பார்த்தபோது, தன் முகம் இருந்த இடத்தையே மகள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.