ஓட்டை அடைத்த வெள்ளி

விடிந்தால் புருல்சாவின் மகளுக்குக் கல்யாணம். அம்மாவின் ஜடைக்காசுச் சரத்தைக் காணோம். கடைசி ரஷ்ய மன்னர் ஜாரின் தலை பதித்த வெள்ளி ரூபிள்களைக் கோத்த சரம் அது. அதைப் பின்னலில் கட்டிக்கொண்டுதான் அந்த வீட்டுப் பெண்கள் புகுந்த வீட்டுக்குக் கிளம்புவார்கள். புருல்சா கேட்டதற்குத் தம்பி முகன்பெத், "வீடு மாத்தினப்ப எங்கயோ தொலைஞ்சிருக்கும், விடுக்கா" என்று மழுப்பினான்.

அவனுக்குப் பழைய காசுப் பைத்தியம். அதிலும் ஜார் ஆட்சி கவிழ்வதற்குச் சற்று முந்தைய வெள்ளி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். கல்யாண வீடென்றும் பார்க்காமல், தலைநகரிலிருந்து தைர்பெக் என்ற சேகரிப்பாளரை வரவழைத்து, காசு ஆல்பத்தை விரித்துப் பெருமை அளந்துகொண்டிருந்தான்.

"அண்ணே, முகத்துல ஒரு கீறல் இருக்கா பாருங்க. விளிம்புலதான் லேசா நசுங்கியிருக்கு."

தேநீர் கொண்டுவந்த புருல்சா கோப்பையை வைத்துவிட்டுக் காசைப் பிடுங்கினாள். அந்த நசுங்கல் அவள் செய்தது. சின்ன வயதில் அம்மாவின் ஜடை மேல் கதவைச் சாத்தி, முதுகில் அறை வாங்கியிருக்கிறாள். ஜாரின் தலைக்கு மேலே நகத்தால் தடவினாள். நூல் கோக்கும் ஓட்டை இருந்த இடத்தில் சின்னதாய் ஒரு மேடு.

"இதுல இருந்த ஓட்டை எங்கடா?"

தைர்பெக் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "வெள்ளியை உருக்கி அடைச்சிருக்கு, எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"மானத்தை வாங்கிட்டியேக்கா! இது ஜடையில கெடந்து தேயுற சாமானா? சரித்திரம்!"

"அம்மா தலையில இருந்ததைத் திருடிட்டு சரித்திரம் பேசுறியா? தூ!"

புருல்சா அடுக்களையிலிருந்து இறைச்சிப் பலகையும் ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்தாள்.

"ஐயோ, ஓட்டை போட்டா மதிப்பே போயிடும்க்கா!"

"ஓட்டை இல்லன்னா நூலை எங்க கோக்கிறது, உன் மூக்குலயா?"

ஓங்கி அடித்தாள். அடைப்பு தெறித்து விழுந்தது. ஆல்பத்தில் அடைப்பு இருந்த மற்றக் காசுகளையும் ஒவ்வொன்றாக ஓட்டை திறந்து நூலில் கோத்தாள். கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஒரு காசுக்கான இடம் காலியாக நின்றது.

"இங்க இருந்தது?"

"வித்துட்டேன்" என்றான், தரையைப் பார்த்தபடி.

அவள் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். அங்கே தனியாக ஒரு ரூபிள், யார் ஜடையிலும் ஏறாமல் பளபளத்தது. பல வருஷம் அலைந்து அவன் வாங்கியது. பாய்ந்து அவள் கையைப் பிடித்தான்.

"அக்கா, அது என் காசு! நான் சம்பாதிச்சு வாங்கினது!"

"தெரியும்டா" என்று காசைப் பலகையில் வைத்தாள். "ஆணியை நேராப் பிடி."