வெள்ளிக்கிழமைச் சோதனை

என் தங்கை யசிந்தாவுக்கு வலிப்பு. அது வருமுன்பே எங்கள் நாய்க்குத் தெரிந்துவிடுகிறது என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. மீன் மணம் ஒரு நாயை என்னவெல்லாம் செய்யவைக்கும் என்று மீன்பிடிக்கக் கடலில் போன எனக்குத் தெரியும்.

குருநகரில் ஷெல் விழுந்து நாங்கள் இடம்பெயர்ந்தபோது, ஆளில்லாத வீடொன்றில் யாரோ கட்டியபடி விட்டுப்போன நாய் அது. யசிந்தாதான் அவிழ்த்துவிட்டாள். உரும்பிராயில் பராசக்தி அக்கா தன் வீட்டு வளவில் நாங்கள் தங்க ஒரு கொட்டில் தந்தார். வீமன் என்று பெயர் வைத்து அவனையும் சேர்த்துக்கொண்டோம்.

வலிப்புக்கு விழுங்கும் குளிசைக்கு அப்போது தட்டுப்பாடு. ஒருநாள் கிணற்றடியில் விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளைத் தனியே எங்கும் நான் விடவில்லை. மருதனார்மடச் சந்தியில் தையல்கடை வைத்திருந்த இராசமலர் அவளை வேலைக்குக் கேட்டிருந்தார். யசிந்தா அந்த வேலைக்காகத் தவித்தாள். நானோ மாட்டேன் என்றேன்.

அவள் நாயைப் பழக்கத் தொடங்கினாள். வீமன் முனகிக்கொண்டு தன்னைச் சுற்றும்போதெல்லாம் பாவாடை ஓரத்தை அவன் வாயில் கொடுப்பாள். அவன் இழுத்ததும் தரையில் உட்கார்ந்து ஒரு துண்டுக் கருவாடு கொடுப்பாள். மூன்று மாதத்தில் அவன் தானாகவே இழுத்தான். சில முறை வலிப்பு வந்தது, சில முறை வரவில்லை.

"உவன் கருவாட்டு மணத்துக்குத்தான் இழுக்கிறான்," என்றேன்.

பராசக்தி அக்கா சைவம்; அவர் வளவில் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கிடையாது. மாதா கோவிலுக்குப் போகும் வேதக்காரரான எங்களுக்கு வெள்ளியில் இறைச்சிதான் ஆகாது, மீன் ஆகும். ஆனாலும் இருக்க இடம் தந்தவரின் மனம் நோகக்கூடாதே. அதிலிருந்துதான் எனக்கு யோசனை வந்தது. தோய்த்த உடுப்பு, கழுவின கை, கருவாடு இல்லை. வெள்ளிக்கிழமை அவன் இழுத்து, வலிப்பும் வந்தால் நம்பி, வேலைக்கும் விடுகிறேன் என்றேன். யசிந்தா சம்மதித்தாள்.

மூன்று வெள்ளி ஒன்றுமில்லாமல் போனது. நான்காம் வெள்ளி காலை, இன்றைக்காவது வருமா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கைக்கு வலிப்பு வரவேண்டும் என்று காத்திருக்கிறேனே என்பது அப்போதுதான் உறைத்தது. என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. சோதனையும் மண்ணாங்கட்டியும் என்று எழுந்தேன்.

அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். வீமன் ஓடிவந்து பாவாடையைப் பிடித்து இழுத்தான். அவள் வெளியே வந்து மணலில் உட்கார்ந்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. சும்மா இழுத்திருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தபோது அவள் கண் ஒரு பக்கமாகப் போனது.

நெருப்பு தூரத்தில் இருந்தது. விழ உயரமும் இல்லை. அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். வலிப்பு அடங்கியபின், அப்படி என்னதான் அவனுக்கு மணக்கிறது என்று குனிந்து அவள் நெற்றியை மோந்து பார்த்தேன். அடுப்புப் புகைதான் மணந்தது.

திங்கட்கிழமை அவள் வீமனோடு தையல்கடை வேலைக்குப் புறப்பட்டாள். நான் பின்னாலே சைக்கிளை உருட்டிக்கொண்டு, வேலியோடு வேலியாகப் போனேன். வீமன் நின்று, என்னைப் பார்த்து வாலாட்டினான். யசிந்தா திரும்பவேயில்லை.

"நிலத்திலை இருந்திட்டுத்தான் விழுவன் அண்ணை," என்றாள். "நீங்கள் வீட்டை போங்கோ."

நான் சைக்கிளைத் திருப்பினேன்.