புது பேட்டரி

என் வீட்டுக்காரர் வின்சென்ட்டின் காதைக் கெடுத்தது நான்தான். அறைந்து கெடுக்கவில்லை. ஒரு புது பேட்டரி வாங்கிப் போட்டுக் கெடுத்தேன். நாலு வருஷம் இதை நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். சாமியாரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட, "பொய் சொன்னேன் சாமி" என்று மொத்தமாக ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டு நழுவி வந்திருக்கிறேன்.

வின்சென்ட் கம்பம் ஊரில் ஒரு இன்னிசைக் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். நான் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். குழுவுக்கு மைக் செட் கட்டுகிறவர் ஒச்சாண்டி. அவரிடம் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருந்தது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் கங்கு மாதிரி எரியும். தூக்க இரண்டு ஆள் வேண்டும். திருவிழாவில் ஊரெல்லாம் சீரியல் பல்பு போட்டு கரண்டு இறங்கிக் கிடக்கும்போது அதில் கிட்டாரைச் செருகினால் ஒரு சத்தம் வரும் பாருங்கள். மெல்லத் தொட்டால் சாதாரணமாக இருக்கும். ஓங்கி அடித்தால் சத்தம் உடைந்து, ஒரு கணம் உள்ளே இறங்கி, பிறகு மேலே ஏறி வரும். அழுகையை விழுங்கிவிட்டுப் பேச்சைத் தொடர்கிறவர் குரல் மாதிரி. எனக்கு இசை ஒன்றும் தெரியாது. ஆனால் நாள் முழுக்கப் பூத்தில் உட்கார்ந்து ஊரார் அழுகையைக் கேட்டவள் நான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

2001 சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவில் அதைத் திலீபன் என்பவர் கேட்டார். சென்னையில் சினிமாப் பாட்டுகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறவர். ஆடி மாதம் என் பூத்துக்கே போன் போட்டார். ஆவணியில் தேனிக்கு வருகிறாராம். அதே சவுண்டை இன்னொரு தடவை கேட்டுவிட்டு, சரியாக இருந்தால் கையோடு சென்னைக்குக் கூட்டிப் போகிறாராம். வின்சென்ட்டுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. இன்னொரு போன் வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆனால் அதே சவுண்டுக்கு எங்கே போவது? வைகாசியிலேயே அந்த ஆம்ப் புகைந்துவிட்டது. ஒச்சாண்டியைப் போய்ப் பார்த்தோம். "அதுக்கு வால்வு இப்ப எங்கன கெடைக்குது வின்சென்ட்டு? பழைய இரும்புக்குப் போட்டுட்டேனப்பா" என்றார். ஏதோ ஓட்டைக் குடத்தைப் போட்டது மாதிரி சொன்னார். அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய?

மதுரையில் கிட்டார் வாசிக்கிற இம்மானுவேல் இவருக்கு நெருங்கிய சிநேகிதன். அவன் இரண்டு ஓவர்டிரைவ் பெடல்களை இரவல் கொடுத்தான். காலால் மிதிக்கிற சின்ன இரும்புப் பெட்டிகள். வால்வு ஆம்ப் தருகிற அந்த உடைந்த சத்தத்தைச் சாதாரண ஆம்ப்பிலேயே வரவழைக்கத்தான் அவற்றைச் செய்கிறார்களாம். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். எது திலீபன் கேட்ட சத்தத்துக்குப் பக்கத்தில் வருகிறது என்று திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் எங்கள் வீட்டில் பரீட்சை நடந்தது.

அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். நான் பின்னால் நின்று பெடலை மிதிக்க வேண்டும். எதை மிதிக்கிறேன் என்று சொல்லக் கூடாது. கலர் தெரிந்தால் காது ஏமாற்றிவிடுமாம். முதலில் வீரபாண்டியில் பதிந்த கேசட்டைக் கொஞ்சம் ஓட விடுவார். பிறகு அதே இடத்தை வாசிப்பார். பச்சை சளி பிடித்தவன் மாதிரி மூக்கால் பேசியது. அடித்தாலும் தொட்டாலும் ஒரே முகம். மஞ்சள் முதலில் கரகரவென்று இருந்தது. அவர் பெடலின் திருகுகளை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் நகர்த்திக்கொண்டே இருந்தார். "மாத்து." "ம்." "மறுபடி மாத்து." சோற்றுக்கு எழுந்திருக்கவில்லை. நான் பூத்தைப் பூட்டிவிட்டு ஒற்றைக்காலில் நின்றேன். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

புதன்கிழமை மத்தியானம் மஞ்சளை மிதித்தேன். அவர் ஓங்கி ஒரு அடி அடித்தார். சத்தம் உடைந்தது, இறங்கியது, ஏறி வந்தது. என் கை மயிர் சிலிர்த்தது. கேசட்டில் இருப்பதா, கிட்டாரில் வருவதா என்று தெரியவில்லை.

"இதான்! பிலோமினா, இதான்! மஞ்சதான?" என்று எழுந்துவிட்டார்.

"மஞ்சதாங்க" என்றேன். இரண்டு பேருமே அழுதோம். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நான் பார்த்த நல்ல நாள் அதுதான்.

மறுநாள் காலையில் அவர் பூசைக்குப் போயிருந்தபோது பெடலைத் துடைத்து வைக்கலாம் என்று எடுத்தேன். மிதித்துப் பார்த்தால் அதன் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று செத்துக்கொண்டிருந்தது. பேட்டரி போகிற நிலைமை. திலீபன் முன்னால் பாதியில் நின்றுபோனால்? கடைக்கு ஓடி நல்ல பேட்டரியாக வாங்கி வந்து மாற்றினேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. நல்ல காரியத்துக்குப் போகிறவருக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்த மாதிரி ஒரு திருப்தி. பழையதைக் குப்பையில் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை. இதையெல்லாமா சொல்வார்கள்?

அன்று மத்தியானமே தேனிக்குப் போனோம். அங்கே ஒரு லாட்ஜ் மாடியில் திலீபன் இருந்தார். வின்சென்ட் பெடலை மிதித்து அதே இடத்தை வாசித்தார். தகரத்தில் ஆணியைத் தேய்த்த மாதிரி வந்தது. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. திருகுகளைத் திருகினார். இன்னும் மோசமானது. வியர்வை கிட்டாரில் சொட்டியது. திலீபன் நல்ல மனுஷர். "அவசரமில்ல, கண்ண மூடிட்டு வாசிங்க" என்றார். அரை மணி நேரம் பொறுத்தார்.

"வாசிப்பு நல்லா இருக்குங்க. ஆனா நான் கேட்டது இந்த சவுண்ட் இல்லையே."

"நேத்து இதேதான் சார் வந்துச்சு. சத்தியமா வந்துச்சு."

"உங்க காதுக்கு அப்படிக் கேட்டிருக்கும்" என்றார் திலீபன். ஆறுதலாகத்தான் சொன்னார்.

திரும்பி வரும் பஸ் சின்னமனூரைத் தாண்டியது. வின்சென்ட் என் பக்கம் திரும்பி, "நேத்து நீயும் கேட்டேல்ல? வந்துச்சுல்ல?" என்றார்.

நான் கேட்டேன். என் கை சிலிர்த்தது. ஆனால் ஆமாம் என்றால் மறுபடி தேனிக்குப் பஸ் ஏறுவார், அந்த மனுஷர் காலில் விழுவார், இன்னும் அசிங்கப்படுவார் என்று பயந்தேன். "எனக்கு என்னங்க தெரியும், எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டேன். பேட்டரி தெரியாமல் செய்தது. இது தெரிந்து செய்தது.

கார்த்திகையில் இம்மானுவேல் பெடல்களை வாங்கிப் போக என் பூத்துக்கு வந்தான். மஞ்சளைத் திறந்து பார்த்துவிட்டு, "யாருக்கா இதுக்குப் புது பேட்டரி போட்டது?" என்றான். "சாகப்போற பேட்டரியிலதான்க்கா இது வால்வு மாதிரி பேசும். பவர் பத்தாம சத்தம் திணறும்ல, அதான் விசயம். அதுக்குன்னே பழச மாத்தாம வச்சிருந்தேன். அண்ணங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"இத அவுககிட்ட சொல்லாத தம்பி" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "சரிக்கா" என்று அவன் பெடல்களைப் பையில் போட்டுக்கொண்டான்.

அதற்குள் வின்சென்ட், தன் காதை நம்ப முடியாது என்று கிட்டாரைக் குழுவிலேயே கொடுத்துவிட்டு, தினமும் ஜீப்பில் மலையேறி வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். காது டாக்டரிடமும் ஒரு தடவை போய் வந்தார். காதில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். "டாக்டருக்கு கேக்குதா கேக்கலையாங்கறதுதான் தெரியும். சரியா கேக்குதாங்கறது அவுகளுக்கு எப்டித் தெரியும்?" என்றார். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பயம். ஒவ்வொரு நாளும் அந்தப் பயம் ஒரு நாள் பெரிதானது. என்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாடகற்குழுவை நடத்துகிற அருள்செல்வி டீச்சர் கோயில் கிட்டாரை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். சுருதி சேர்க்க வேண்டுமாம். "என் காது சரியில்ல டீச்சர், வேற ஆளப் பாருங்க" என்று இவர் சொன்னதை அந்தம்மா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இவர் வெகுநேரம் அந்தக் கிட்டாரைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்து மடியில் வைத்தார். தடித்த கம்பியை முறுக்கி நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"இது சரியா?"

"சரிங்க."

அடுத்த கம்பி. "இது?" மூன்றாவது கம்பி. "இது? நல்லாக் கேட்டுச் சொல்லு."

அவர் கண்ணைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் சிலேட்டை நீட்டுகிற பிள்ளையின் கண். எனக்குத் தாங்கவில்லை. பேட்டரியைச் சொன்னேன். இம்மானுவேல் சொன்னதைச் சொன்னேன். பஸ்ஸில் சொன்ன பொய்யையும் சொன்னேன். காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அப்ப அன்னைக்கு வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சுங்க. நானும் கேட்டேன்."

"என் காதுக்கு ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகலங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நாலாவது கம்பியின் திருகைப் பிடித்து மெல்ல முறுக்கினார். கம்பி ஏறி ஏறி வந்து, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. எனக்கே தெரிந்தது. அவர் அதை இன்னொரு தடவை மீட்டிவிட்டு, சிலேட்டை நீட்டுகிற அதே கண்ணால் என் முகத்தைப் பார்த்தார்.

"இது சரியா, பிலோமினா?" என்றார்.