அருகம்புல்லோடு போனது

அபூ ரிஸ்க்கின் வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் அது மழைக்காலத்தில்தான், அதுவும் கீரைக்காக. அஜ்லூன் மலைப்பக்கம் முதல் மழை விழுந்ததும் ஹுபேஸாக் கீரை தானே முளைக்கும். தானே முளைத்ததை யார் நிலத்திலும் யாரும் பறிக்கலாம், கேட்கக்கூட வேண்டாம். அந்தச் சாக்கில்தான் மேல்தெரு விதவை உம் ஸாஹிர் வாராவாரம் கத்தியும் பையுமாகத் தோட்டக் கதவைத் தள்ளிக்கொண்டு வருவாள். அவர் மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் கேட்கும் ஒரே பேச்சுக்குரல் அவளுடையதுதான். சாக்கில்லாமல் வந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

ஒரு வருஷம் அவள் அலுத்துக்கொண்டாள். "அருகம்புல்லுக்குள்ள கீரையைத் தேடித் தேடி என் கண்ணே போச்சு, அபூ ரிஸ்க். இது தோட்டமா, தாடியா?"

மனிதருக்குச் சுருக்கென்றது. தலைநகர் அம்மானிலிருந்து மகன் போனில் வழி சொன்னான். "மருந்து அடிச்சு விடுங்கப்பா. எல்லாம் கருகிடும்."

"அந்த மண்ணுல வர்றதைச் சமைச்சுச் சாப்பிடுறாங்கடா."

"யாருப்பா?"

"ஊர்ல எவ்வளவோ பேர்" என்று போனை வைத்துவிட்டார்.

அருகம்புல் லேசில் போகிற ஜாதியா? கிள்ளின இடத்தில் இரண்டாய் வரும். கோடையில் முதுகு ஒடியக் கொத்தி வேரைப் பொறுக்கினார். மண்ணை நனைத்து, பிளாஸ்டிக் தாளை இழுத்துப் போர்த்தி, ஓரமெல்லாம் மண்ணால் அடைத்தார். ஜூலை வெயில் உள்ளே புகுந்து மண்ணை வேகவைத்தது. பேச வேறு ஆளில்லை. "வேகு, நல்லா வேகு" என்று அந்தத் தாளோடுதான் பேசிக்கொண்டிருந்தார்.

மழை வந்தது. புல் இல்லை. கீரையும் இல்லை. புல்லோடு கீரை விதையும் சேர்ந்து வேகும் என்பது நம் புத்திசாலிக்குத் தோன்றவே இல்லை.

உம் ஸாஹிர் மதிலுக்கு வெளியே நின்றே எட்டிப் பார்த்தாள். "மாஷா அல்லாஹ், தாடியைச் சுத்தமா வழிச்சிட்டீங்க. இனி எனக்கு இங்க என்ன வேலை?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். போய்விட்டாள். தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்று அவர் மதிலிடம்தான் சொன்னார். அந்த மழைக்காலம் முழுக்கக் கதவுச் சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்திருந்தார். காற்றுதான் வந்து வந்து தட்டியது. தனிமை அவரை அரித்துத் தின்றது.

வசந்தத்தில் ரோட்டோரம் குனிந்து விதைக்காக ஹுபேஸாக் காய்களைப் பறித்தார். "களையைப் போய் யாராவது விதைப்பாங்களா?" என்று மளிகைக்கடைக்காரன் சிரித்தான்.

"ஆட்டுக்கு" என்றார். அவரிடம் ஆடே கிடையாது.

அடுத்த மழைக்குத் தோட்டம் பச்சென்று வந்தது. பச்சையை மதிலுக்கு மேலே பார்த்தாளோ என்னவோ, கதவு கிரீச்சிட்டது. உம் ஸாஹிர் உள்ளே வந்து குனிந்தாள். கத்தியை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"அபூ ரிஸ்க், எனக்கு நினைவு தெரிஞ்ச நாளா ஹுபேஸா பறிக்கிறேன். அது கயிறு பிடிச்சாப்பல வரிசையா முளைச்சு இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

அவருக்குக் காது வரை சிவந்தது. வெங்காயம் போட்டுப் பழகிய கை, களையையும் கோடு கிழித்து விதைத்திருந்தது.

"விதைச்சதுன்னா உடையவரைக் கேட்டுத்தானே பறிக்கணும்?" என்றாள். "பறிக்கலாமா?"

"ம்" என்றார்.

அவள் இலையை மட்டும் அறுத்தாள், வேரைத் தொடவில்லை.

"வேர் இருக்கட்டும். அடுத்த வாரமும் வந்து கேட்கணுமே."