கிரேஸுக்கு வேறு பெயர்

பெயர் மாற்றுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களை அர்ஷத்திடம்தான் அனுப்பிவைக்க வேண்டும். சில வாரங்களாக மனுஷன் அதிலேயே மல்லாடிக்கொண்டிருந்தான். பகல் முழுக்கக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருட்டாலையின் கம்ப்யூட்டர் அறை. வீடு மீஞ்சூர். அங்கே போய் முகம் கழுவியதும் மறுபடி கம்ப்யூட்டர். சம்பளமும் இல்லாத, தூக்கமும் இல்லாத இந்த வேலையை எந்த மகராசன் உங்களுக்குக் கொடுத்தான் என்று அவன் மனைவி முபீனா கேட்டுக் கேட்டு அலுத்து, இப்போது கேட்பதையே விட்டுவிட்டாள்.

அவனும் ஆலையில் அவனுக்கு மூத்தவரான எட்வர்டும் ஆரம்பித்த மென்பொருள் அது. 'பட்டறை' என்று பெயர். சின்னத் தொழிற்சாலைகளின் ஷிஃப்ட், ஓவர்டைம், கேன்டீன் டோக்கன் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். காசு வாங்காமல் இன்டர்நெட்டில் திறந்து போட்டுவிட்டார்கள்; யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். ஐந்து வருஷத்தில், 2007 வாக்கில், கோயம்புத்தூர், பூனா, பிரேசில் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் பேசிக்கொள்ள ஒரு மெயிலிங் லிஸ்ட். அதில் ஒருவர் போடுகிற மெயில் அத்தனை பேருக்கும் போகும்.

வினை பெயரில் வந்தது. அந்த ஆலையில் எந்த மெஷினையும் நம்பர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். ஓட்டுகிற ஆளின் பெயர்தான் மெஷினுக்கும். 'குப்புராஜ் சூடாயிடுச்சி' என்றால் உலை சூடாகிவிட்டது என்று அர்த்தம்; குப்புராஜ் பாட்டுக்கு வெளியே பீடி பிடித்துக்கொண்டிருப்பார். மென்பொருளை மாட்யூல் மாட்யூலாகப் பிரித்து எழுதியபோது இவர்களும் அதே பழக்கத்தில் பெயர் வைத்தார்கள். டோக்கன் மாட்யூலுக்குக் கேன்டீனில் டீ ஊற்றும் பூவம்மாளின் பெயர். ஷிஃப்ட் மாட்யூலுக்கு டைம் ஆபீஸ் தணிகாசலத்தின் பெயர். ஓவர்டைம் மாட்யூலை எட்வர்ட் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் மனைவிக்குக் கிட்னி போய்விட்டது. அவள் இறந்து சில வாரம் கழித்து வேலைக்கு வந்தவர், மாட்யூலை முடித்து, கிரேஸ் என்று அவள் பெயரையே வைத்தார். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னத்தைக் கேட்பது?

ஊருக்குள்ளேயே இருந்தவரை இதில் தொல்லையில்லை. பிரேசில்காரனுக்குப் பூவம்மாளை எப்படித் தெரியும்? எந்த மாட்யூல் எந்த வேலையைச் செய்கிறது என்று ஒருத்தருக்கும் விளங்கவில்லை. போதாக்குறைக்கு ஆளாளுக்குத் தங்கள் இஷ்டத்துக்குப் பெயர் வைக்க ஆரம்பித்தார்கள். பூனாக்காரர் ஒருவர் தன் பைக்கின் பெயரை வைத்தார். இந்த நேரத்தில்தான், லினக்ஸ் என்கிற இலவச மென்பொருள் தொகுப்பின் ஒரு வெளியீட்டில் பட்டறையையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று கடிதம் வந்தது. ஒரே நிபந்தனை: எல்லா மாட்யூல் பெயரும் ஒரே ஒழுங்கில் இருக்க வேண்டும், மாதக் கடைசிக்குள். சேர்ந்தால் ஆயிரக்கணக்கான இடத்துக்குப் போகும். சேராவிட்டால் ஐந்து வருஷத்து உழைப்பு அப்படியே மூலையில் கிடந்து மக்கும்.

அர்ஷத்தே விதி எழுதினான். முதலில் பிரிவு, அடுத்து வேலை, வேறு பேச்சில்லை. பூவம்மாள் கேன்டீன்-டோக்கன் ஆனாள். தணிகாசலம் டைம்-ஷிஃப்ட் ஆனார். கிரேஸுக்கு வந்ததும் அவனுக்குக் கை வரவில்லை. அந்த மனுஷனிடம் போய் எப்படிச் சொல்வது? பழைய பெயர் என்பதால் இது ஒன்று மட்டும் விதிவிலக்கு என்று கீழே ஒரு வரி சேர்த்துவிட்டான்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். லீவு மாட்யூலுக்குத் தன் மகள் சோனியாவின் பெயரை வைத்திருந்தவர் செவ்வாப்பேட்டை ஆதிகேசவன். எட்வர்ட் சம்சாரத்துக்கு ஒரு நியாயம், எம் பொண்ணுக்கு ஒரு நியாயமா என்று அவர் லிஸ்டிலேயே கேட்டார். பைக் பெயர் வைத்த பூனாக்காரரும் கிளம்பிவிட்டார். மாற்றியதையெல்லாம் ஆளாளுக்குத் திருப்பி மாற்றினார்கள். வெளியீட்டுக்காரர்கள் இன்னும் ஒரு வாரம்தான் என்று எழுதினார்கள். இத்தனைக்கும் எட்வர்டிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமாக இருக்கிறார் என்றே அர்ஷத் நினைத்தான்.

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து இருவரும் ஒன்றாக லோக்கல் ரயில் ஏறினார்கள். எட்வர்ட் பொன்னேரியில் இறங்குகிறவர். உட்கார இடம் கிடைத்தது. கவரைப்பேட்டை தாண்டியதும், இனியும் தள்ளிப்போட்டால் மனுஷன் இறங்கிப் போய்விடுவார் என்று தோன்ற, அர்ஷத் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். விதியைச் சொன்னான், ஆதிகேசவனைச் சொன்னான், வெளியீடே வேண்டாம் என்று எழுதிவிடட்டுமா என்றும் கேட்டான்.

எட்வர்ட் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாத்திடு பா," என்றார். "எப்பவோ மாத்தியிருக்கணும்."

"அண்ணிக்காக வெச்ச பேராச்சே, எட்வர்ட்ணா. அதான் நானு..."

"வெச்சது நான்தான். இன்னா ஆவும்னு அப்போ தெரியல." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "காலைல கம்ப்யூட்டர் டப்பாவ தொறந்தா மெயிலு. கிரேஸ் சரியில்ல. கிரேஸால எல்லாம் நின்னுப்போச்சு. கிரேஸ தூக்கிட்டு வேற போடலாமா. அஞ்சு வருசமா தெனமும் இத்த படிச்சிக்கினுதான் வேலைக்கே வரேன்."

அந்த மெயில்களில் பாதி அர்ஷத் போட்டவை. மாட்யூலைத்தானே சொல்கிறோம் என்று டீ குடித்துக்கொண்டே தட்டிவிட்டவை. ஒவ்வொரு தடவையும் மதியத்துக்குள் எட்வர்டிடமிருந்து திருத்திய புரோகிராம் வந்துவிடும். மனுஷன் எவ்வளவு பொறுப்பு என்று ஊரெல்லாம் மெச்சிக்கொண்டிருந்தான்!

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணா," என்றான்.

"நீ எனக்கோசரம் அத்த உட்டு வெச்சிக்கினு எல்லார்கிட்டயும் திட்டு வாங்கற. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றது?"

பொன்னேரி வந்தது. எட்வர்ட் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவருகே போனவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"அந்தப் பழைய மெயிலெல்லாம் கீதே, அதுலயும் பேர மாத்த முடியுமா?"

முடியும் என்று சொல்லிவிட அர்ஷத்தின் வாய் வரை வந்தது. அந்த மெயில் லிஸ்டும் திறந்து போட்டதுதான். உலகம் பூரா, யார் யார் மெஷினிலோ நகல் இருக்கிறது. அது அவனுக்குத் தெரிந்த அளவு எட்வர்டுக்கும் தெரியும்.

"முடியாதுண்ணா."

"தெரியும். சும்மா கேட்டேன்," என்றார் எட்வர்ட். ரயில் நகரத் தொடங்கியிருந்தது. அவர் அவசரமாக இறங்கினார்.